இருபதடி தள்ளி நின்ற பஸ்

ரயில் நிலையத்திலிருந்து சின்னத் தெருக்களுக்குப் போக அந்த நகரத்தில் மினி பஸ்கள் விட்டார்கள். எல்லாவற்றிலும் கூட்டம் பிதுங்கியது. அதில் ஒரு பஸ், நிறுத்தத்தைத் தாண்டி இருபதடி தள்ளித்தான் நிற்கும். ஓடி வந்தவர்கள் ஏறுவார்கள். மற்றவர்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

"ஏம்ப்பா, என் எதிரே நின்றால் குறைந்தா போவாய்?" என்று நிறுத்தக் கம்பம் கேட்டது.

"அப்புறம் எல்லாரும் ஏறிவிடுவார்களே!" என்று பஸ் சிரித்தது.

பிறகு ஷேர் ஆட்டோக்கள் வந்தன. கை காட்டிய இடத்தில் நின்றன. மினி பஸ்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு, கடைசியில் இது ஒன்றுதான் மிஞ்சியது. இன்றும் காலியாக வந்தால் நாளை முதல் ஓட வேண்டாம் என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள்.

அன்று பஸ் கம்பத்தின் எதிரே சரியாக நின்றது. ஆனால் அது தூரத்தில் வரும்போதே, முட்டிவலிக்காரப் பூக்காரி செங்கமலமும் இன்னும் நாலு பேரும் இருபதடி தள்ளி ஓடிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கூப்பிடேன், வருவார்கள்" என்றது கம்பம்.

"இத்தனை வருஷம் ஓட வைத்துவிட்டு, எந்த முகத்தோடு திரும்பி வரச் சொல்வேன்?"

அது தயங்கி நின்ற நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.