குங்குமம் வைத்த கம்ப்யூட்டர்

பாலிடெக்னிக்குக்கு வந்திருந்த முதல் கம்ப்யூட்டரை இலஞ்சியில் தன் வீட்டு மேஜையில் வைத்தார் ஆசிரியர் சிவனணைந்தபெருமாள். பெட்டி கிடையாது, ஒரே பலகை, அதில் ஆறு சிவப்பு எண்கள் எரிய வேண்டும். நாளை பிரின்சிபால் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். சாரல் அடித்துக் குளிர்ந்ததால் ஃபேன் கூடப் போடவில்லை.

வயர்களைச் சொருகி ஸ்விட்சைத் தட்டினார். ஒன்றும் எரியவில்லை. பலகையின் ஓரத்தில் குங்குமப் பொட்டு.

"ஏட்டி பாலம்மா! உன் குங்குமத்தால கம்ப்யூட்டரே செத்துப்போச்சு!"

"புதுச் சாமானாச்சேன்னு வச்சேன்" என்றாள் மனைவி.

குனிந்து பொட்டைத் துடைத்தவரின் முகம் வெளுத்தது. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தன.

"நான்தான் மாத்திச் சொருகிட்டேன். கரண்டு பாஞ்சதும் எல்லாம் கருகியிருக்கும். நாளைக்கு என்ன சொல்லுவேன்?"

"கரண்டே பாயலியே."

பாலம்மாள் மடியிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம ஆறு மணி வரைக்கும் ராகுகாலம். சொன்னாக் கேக்கமாட்டியன்னு புடுங்கி வச்சேன்."

அவர் வயர்களைச் சரியாக மாற்றினார். மணி ஐந்து ஐம்பது. கட்டையை மாட்டப் போனவளைத் தடுத்தார்.

"இரு, ஆறு அடிக்கட்டும். அதுக்குள்ள குங்குமச் சிமிழ எடுத்துட்டு வா. நீ வச்ச பொட்ட நான் அழிச்சிட்டேன்லா."