பதினெட்டாவது குழாய்

தொலைபேசி அலறியதும் நர்ஸ் திடுக்கிட்டாள். தடுப்பூசி போட்டும் ஊழியர்கள் பலர் காய்ச்சலில் விழுந்ததால், எதிர்ப்புசக்தி பார்க்க அன்று காலை பதினேழு பேரிடம் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

"பதினெட்டுக் குழாய் இருக்கே சிஸ்டர்! ஒண்ணுல சீட்டு தலைகீழா வேற ஒட்டியிருக்கு" என்றார் லேப்காரர்.

அப்படி ஒட்டுகிறவள் அவளோடு வேலை பார்த்த தோழி ஒருத்திதான். "லேப்காரர் கழுத்துக்கு எக்சர்சைஸ்டி" என்று கண்ணடிப்பாள். இருவருக்கும் பத்து வருடம் ஒரே ஷிப்ட், ஒரே சாப்பாட்டு டப்பா. தடுப்பூசி வருவதற்கு ஒரு மாதம் முன்னால், அதே நோயில் போய்ச் சேர்ந்தாள்.

"அதுல... என்ன வந்திருக்கு சார்?"

"எதிர்ப்புசக்தி துளிகூட இல்ல. குழாய் இன்னும் சூடு ஆறல. உடனே அவங்களைக் கூப்பிட்டு ஊசியைப் போட்டுடுங்க சிஸ்டர், பொழைச்சுக்குவாங்க."