கத்தி ஓயும் வரை

புதர் வெட்டிக்கொண்டிருந்த கட்டரின் சத்தம் மாறியதுமே, டிராக்டர் சீட்டில் இருந்த தனம் சுதாரித்தாள்.

கட்டருக்கு விசை போகாமல் லீவரைத் தள்ளினாள். என்ஜினை அணைத்தாள். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மகளிர் குழுப் பயிற்சியில் மூன்று நாள் மண்டையில் ஏற்றிய வரிசை, பிசகவில்லை.

கத்தி நிற்கும்வரை இறங்கக் கூடாது. என்ஜின் நின்றாலும், டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய கட்டரின் கத்தி கொஞ்ச நேரம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே மூடிய தகட்டுக்கு அடியில் சுற்றுவதால் கண்ணுக்கும் தெரியாது.

இது அவள் வீட்டுக்காரருக்குத் தெரியாது. "பொம்பளைங்க கிளாசுக்கு நான் எதுக்கு?" என்று போகாமல் இருந்துவிட்ட மகராசன். இடுப்பு வலி வரும்வரை டிராக்டரில் ஏர் ஓட்டியவர். வண்டி நின்றால் கலப்பையும் நிற்கும், அவர் கண்டது அவ்வளவுதான்.

அவருக்கு அவசரம் வேறு. இன்று பௌர்ணமி. இருட்டுவதற்குள் புதரை வெட்டி, கிரிவலம் வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் பண்ணியாக வேண்டும்.

யாரோ வீசிவிட்டுப் போன பழைய புடவை ஒன்று கட்டருக்குள் போய், ஒரு முனை மட்டும் தகட்டு விளிம்பில் சிக்கி வெளியே தொங்கியது. வண்டியோடு நடந்து வந்த அவர், என்ஜின் நின்றதும் பின்னால் போய்க் குந்தினார். துணியைப் பிடித்தார்.

"ஏங்க!"

திரும்பவில்லை. பக்கத்துக் கிரிவலப் பாதையில் நூறு பெண்கள் நூறு புருஷன்மாரை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டு போகிறார்கள்.

"ஏங்க, கைய எடுங்க!"

துணி வரவில்லை. இன்னும் உள்ளே பிடித்து இழுக்கப் பார்த்தார். விரல்கள் தகட்டின் விளிம்பைத் தாண்டின.

தனம் சீட்டில் பாதி எழுந்தாள். இறங்கி ஓட நேரமில்லை.

"அப்பாதுரை!"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அந்தப் பெயரை அவள் வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வாள்.

சுடுதண்ணீர் பட்டவர் மாதிரி அவர் துள்ளி எழுந்தார்.

பாதையில் போன நாலு பேர் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று முன்னால் வந்தார்.

"ஊரு பாக்க புருஷன் பேரச் சொல்லிக் கூப்புடுவியா? அவ்ளோ திமிரு ஏறிப்போச்சா?"

அறையக் கையை ஓங்கினார்.

தனம் முகத்தைத் திருப்பவில்லை.

அப்போது பின்னால் சரக்கென்று ஒரு சத்தம். அவர் விட்டுவிட்டு வந்த புடவை முனையைக் கத்தி ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துக்கொண்டது. கந்தல் நாலாபக்கமும் தெறித்தது. அதற்குப் பிறகுதான் கத்தி நின்றது.

அப்பாதுரை திரும்பிப் பார்த்தார்.

ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. மெதுவாக அதை அண்ணாந்து பார்த்தார்.

தனமும் பார்த்தாள். ஐந்து விரலும் இருந்தன.