பாறை மேகமான கதை

"கிளவுட்னா முதல்ல பாறை சார். அப்புறம்தான் மேகம்." எட்டு நாற்காலிகளையும் ஒரு சுற்றுப் பார்த்து, துளிகூடத் தடுமாறாமல் சொன்னாள் அகராதி அலுவலகத்தின் புதிய உதவிப் பதிப்பாசிரியை.

"பாறை எப்படிம்மா ஆகாயத்துக்குப் போச்சு?" தலைமைப் பதிப்பாசிரியரின் கரகரத்த கேள்வி.

"குவிஞ்சு நிக்கிற மேகத்தைப் பாருங்க சார், குன்று மாதிரிதானே இருக்கு? பேர் அப்படித்தான் ஒட்டிக்கிச்சு."

"அப்போ ஸ்கை?"

"அதுக்குத்தான் முதல்ல மேகம்னு அர்த்தம். பாறை மேகமாச்சு, மேகம் வானமாச்சு. எல்லாருக்கும் பதவி உயர்வு சார். நான் மட்டும்தான் ஆறு மாசமா தற்காலிகம்."

கேள்வியும் அவளே, பதிலும் அவளே. நாற்காலிகள் எட்டும் காலி. இயற்பியல் படித்துவிட்டுச் சொற்களிடம் வந்து சேர்ந்தவளுக்கு, நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

தலைமைப் பதிப்பாசிரியரையும் சேர்த்துச் சொற்குழுவினர் எட்டுப் பேரும் எட்டு ஊர்க்காரர்கள். மேஜை நடுவில் இருக்கும் ஒலிபெருக்கித் தொலைபேசியில்தான் கூடுவார்கள். பத்து மணிக்கு அவர்களிடம் 'கிளவுட்' என்ற ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பதிவை அவள் விளக்க வேண்டும். ஒப்புக்கொண்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அதனால் ஒன்பதரைக்கே வந்து குழுவின் இணைப்பைப் போட்டுப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கருவியில் கோளாறில்லை, கோளாறெல்லாம் தன்னிடம்தான் என்று தெளிந்த பிறகே ஒத்திகையைத் தொடங்கினாள்.

தலைமைப் பதிப்பாசிரியரின் இருமலைக்கூட விடவில்லை. நன்றாக இருமி, "ஆதாரம் எங்கம்மா?" என்று அதட்டி, மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள். எங்கோ யாரோ களுக்கென்று சிரித்த மாதிரி இருந்தது. காலி அறையில் ஒலி இப்படித்தான் திரும்பி வரும் என்று, படித்த படிப்புக்கு மரியாதையாக, முடிவு கட்டினாள்.

மணி பத்து. பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அரைமணி நேரமாகச் சிங்கமாக உலவியவள் எங்கே போனாளோ தெரியவில்லை.

"வ... வணக்கம். நான் வந்து... கிளவுட்... அதாவது..."

ஒலிபெருக்கியில் தலைமைப் பதிப்பாசிரியரின் அசல் கரகரத்த குரல் நிதானமாகக் கேட்டது.

"இந்தப் பொண்ணு வேணாம்மா. இவ்வளவு நேரம் பேசிட்டிருந்துச்சே, அந்தப் பொண்ணையே வரச்சொல்லு."