மாமா சுட்ட உருண்டை

மாலை ஆறு பத்துக்கு இரும்புத் தட்டு சூடேறியது.

பதினாறு குழிகளிலும் எண்ணெய் தடவினான். நீர்க்கக் கரைத்த மாவை ஊற்றினான். குழிகள் நிரம்பி, மாவு தட்டு முழுவதும் பரவியது.

"ஏங்க, தட்டையே குளிப்பாட்டிட்டீங்க" என்றாள் மனைவி.

"வழியணும். அப்பதான் உருண்டை வரும்."

அவன் ஜப்பானில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். தாகோயாக்கி என்னும் ஆக்டோபஸ் உருண்டை சுட அங்கேதான் கற்றுக்கொண்டான். பக்கத்து அறைக்காரர் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குக் கிளம்பும்போது பாதித் துணிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, இந்தத் தட்டைப் பெட்டிக்குள் திணித்திருந்தான்.

மகள் அம்மாவின் காலுக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணால் பார்த்தாள்.

அவன் வேலைக்குப் போனபோது அவளுக்குப் பத்து மாதம். இப்போது இரண்டே முக்கால் வயது. விடுமுறை பத்து நாள். நான்கு நாள் போய்விட்டது.

அந்த நான்கு நாளில் அவள் அவனிடம் வரவில்லை. தூக்கினால் கட்டை போல விறைத்தாள். பொம்மை கொடுத்தால் வாங்கி, மரியாதையாக அம்மாவிடம் ஒப்படைத்தாள். அவன் அறைக்குள் வந்தால் பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திக்கொண்டாள்.

திரும்பிப் போவதற்குள் ஒரு வாயாவது அவள் அவன் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட வேண்டும். அவனுக்கு அது போதும்.

"பெத்த பொண்ணுக்கே லஞ்சமா?"

"வாங்கிக்கிட்டா சரி."

ஆக்டோபஸைப் பட்டாணியில் பாதி அளவுக்குப் பொடியாக நறுக்கியிருந்தான். குழிக்கு நாலைந்து துண்டு போட்டான். ஓரம் வெந்ததும் குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்து மாவைப் பிரித்தான். வழிந்ததையெல்லாம் குழிக்குள் மடித்துத் தள்ளினான். ஒவ்வொன்றையும் கால் சுற்று திருப்பினான். காத்திருந்து, இன்னொரு கால் சுற்று.

இரும்பைப் பற்றவைத்துப் பழகிய கை.

உருண்டைகள் குழிக்குள் சுழலத் தொடங்கின. மகள் இப்போது இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

ஒன்றை எடுத்துப் பிளந்தான். ஆவி அடங்கும்வரை ஊதினான். உதட்டில் வைத்துச் சூடு பார்த்தான். தரையில் மண்டியிட்டு அவள் முன் நீட்டினான்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"வாங்கிக்கடி தங்கம். அப்பா தர்றாருல்ல?"

"அது மாமா."

"அப்ப அப்பா யாரு?"

இதுகூடத் தெரியாதா என்பது போல அம்மாவைப் பார்த்தாள். கூடத்துக்கு ஓடினாள். அம்மாவின் போனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பாவைக் கூப்பிடு."

மணி ஆறரை.

இரண்டு வருடமாக இந்த நேரத்துக்கு அவன் வேலை முடிந்து வந்து வீடியோவில் கூப்பிடுவான். அவளுக்கு அது சாப்பாட்டு நேரம். அவன் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் திரைக்கு நேராக நீட்டுவான். அவள் வாயைத் திறப்பாள். இந்தப் பக்கத்தில் மனைவி கிண்ணத்திலிருந்து எடுத்து ஊட்டிவிடுவாள்.

அப்பா ஊட்டாமல் அவள் இரவுச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டதே இல்லை. இந்த நான்கு நாளும் பாதிக் கிண்ணம் மிஞ்சியது.

மனைவி அவனைப் பார்த்தாள். முதலில் அவள்தான் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

பிளந்த உருண்டையை மனைவியின் கையில் கொடுத்தான். இன்னொன்றைக் குச்சியில் குத்தி எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனான். கதவைச் சாத்தினான். பெட்டியைத் துழாவி வேலைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர் மட்டும் தெரியும்படி நின்றான்.

மனைவியின் எண்ணை அழுத்தினான்.

"அப்பா!"

அந்தக் கத்தல் முதலில் கதவு வழியாக வந்தது. அரை நொடி கழித்துப் போனிலும் வந்தது.

திரை முழுக்க அவள் முகம். புருவத்துக்கு மேல் ஒரு சின்ன மச்சம் இருந்தது. நான்கு நாளாக ஒரே வீட்டில் இருந்தும் அவ்வளவு கிட்டத்தில் அவளை அவன் பார்க்கவில்லை.

உருண்டையைத் திரைக்கு நேராக நீட்டினான்.

"எங்க, ஆ காட்டு."

அகலத் திறந்தாள். திரையின் ஓரத்திலிருந்து மனைவியின் கை நீண்டது. ஆறிய பாதி உருண்டை உள்ளே போனது.

மென்றாள். மெல்லும்போது காலை ஆட்டுகிறாள் போலிருக்கிறது, படமும் ஆடியது. விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். அவன் மறுபடி நீட்டினான். மூன்றாவது வாய்க்கு அவள் காத்திருக்கவே இல்லை, முன்னாடியே திறந்து வைத்திருந்தாள்.

"நல்லா இருக்கா?"

கன்னம் உப்பத் தலையாட்டினாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாய்ச் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். போனை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

இந்த முறை கதவு வழியாக ஒன்றும் கேட்கவில்லை. போனில் மட்டும் கேட்டது.

"அப்பா, இங்க ஒரு மாமா இருக்காரு. பாவம்பா. அவருக்கும் ஒண்ணு ஊட்டுப்பா."