அரைப்பேர்

முதலில் தேயிலைத் தோட்டத்து ஜனத்தின் வாக்குரிமையைப் பிடுங்கினார்கள். அடுத்து, கடலுக்கு இரண்டு பக்கத்து அரசாங்கங்களும் உட்கார்ந்து ஆட்டுச் சந்தை மாதிரி தலை எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டன. பிறகு பஞ்சம், மாவுக்கும் மரவள்ளிக்கும் வழியில்லாமல் ஜனம் றோட்டோரம் செத்தது. அதற்கும் பிறகு குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள்.

இந்த வரிசை அம்மாக்கண்ணுவுக்கு மனப்பாடம். தோட்டத்துச் சங்கத் தலைவர் சோலைமலை எந்தக் கூட்டத்திலும் இப்படித்தான் தொடங்குவார். ஒன்றுகூட முன்பின் மாறாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருந்தது. அது அவளுடைய மகளின் பேர்.

வினை அவள் வாயால் வந்ததுதான்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை பாதியை வெட்டிவிடுவார். அதுதான் அரைப்பேர்.

அந்தத் தோட்டத்திலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் பிள்ளை காளியாயி. கொம்பியூட்டர் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அங்கயும் எனக்கு அரைப்பேருதாம்மா."

அம்மாக்கண்ணு அதைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சொன்னாள். மடுவத்தில் விழுந்த சொல் மலையெல்லாம் ஏறியது. ஞாயிறு காலையில் தலைவரே லயத்துக்கு வந்துவிட்டார்.

"யாரு புள்ள ஒம் பேர வெட்டுனது? சொல்லு. கொழும்பையே ஆட்டிருவோம்."

"யாரும் வெட்டலீங்க தலைவரே. அங்க பேரு பதியிற மெசின்ல இங்கிலீசுல ஆறு எழுத்துதான் போகும். மீதிய அது எடுக்காது. அதனால நான் காளியா. குணதிலக்கன்னு ஒரு பெரிய டொக்டர் வீட்டுப் பையன். அவன் வெறும் குணதி."

"பேச்ச மாத்தாத. ஒம் பேர கேட்டு சிரிச்சாங்களா, இல்லியா?"

"மொத நாளு சிரிச்சாங்க. பாடம் எடுக்குற சேர் காளியாயின்னு வாசிச்சதும், தோட்டத்துப் பேருன்னு பின் பெஞ்சு பூரா சிரிப்பு. எங்கயாவது ஓடிப் போயிரலாம்னு இருந்துச்சு."

"பாத்தியா!"

"மறுநாள்லருந்து சேர் எல்லாரையும் மெசின் பேருலயே கூப்புட ஆரம்பிச்சிட்டாரு. குணதின்னாரு, அவன் எந்திரிச்சான். அன்னைக்கு நானுந்தான் சிரிச்சேன். இப்ப அந்த ரூம்ல எனக்கும் ஒரு எடம் இருக்குங்க."

தலைவர் அம்மாக்கண்ணுவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒம் மகளையே சம்மதிக்க வெச்சுட்டானுங்க, பாரு! சாயங்காலம் பெரட்டுக் களத்துல கூட்டம். அட்டன் டவுன்லருந்து பேப்பர்காரரு வாறாரு. தீர்மானம் வாசிக்கிறேன். முழுப்பேரு போடுற வரைக்கும் இந்தப் புள்ள கெம்பஸ் பக்கம் போகப்படாது."

காளியாயி பதறிப்போனாள்.

"நாளைக்குப் பரீட்சைங்க! எழுதாட்டி என்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"போராட்டம்னா நட்டம் இருக்கத்தான் செய்யும்."

"நட்டம் எனக்குத்தானே, தலைவரே? வெட்டுனாலும் அது எம் பேருதானே?"

"சின்னப்புள்ள பேச்சு" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

கூட்டம் நடக்கும் நேரத்தில்தான் தலவாக்கலை பஸ். அதை விட்டால் கொழும்பு ரயிலும் இல்லை.

அம்மாக்கண்ணு அடுப்படியில் ரொட்டி தட்ட உட்கார்ந்தாள். காலையில் ஆள் பேர் கூப்பிடும் அந்தப் பெரட்டுக் களத்தில் எத்தனை வருடமாக நிற்கிறாள்! கணக்கப்பிள்ளை வாய் வெட்டிய பேரைத்தான் கேட்டிருக்கிறாள். ஒரு பேரை முழுசாகப் போடு என்று யாரும் அங்கே தீர்மானம் வாசித்ததில்லை.

"ஒங்கப்பன் கோயில்ல வெச்சு கூப்புட்ட பேருடி. அந்த மனுசனும் போயிட்டாரு. அந்தக் களத்துல ஒரு தரம் சத்தமா வாசிச்சா என்னாங்குது மனசு."

"அதக் கேட்டுக்கிட்டு நின்னா பஸ்ஸு போயிரும்மா."

அம்மாக்கண்ணு எழுந்தாள். மகளுடைய பையில் ரொட்டியைச் சுற்றி வைத்தாள்.

"நீ போ. பேர நான் கேட்டுக்கிறேன்."

சாயங்காலம் களம் நிறைந்துவிட்டது. பேப்பர்காரருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளைகூட ஓரமாக வந்து நின்றார்.

"இந்த அரைப்பேரு நான் போடலப்பா!" என்றார். கூட்டம் சிரித்தது.

"நீங்க போட்டதுக்கு எப்ப கூட்டம் வைக்கிறதுங்க?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். தலைவர் கையைக் காட்டி அடக்கினார்.

வாக்குரிமையில் தொடங்கினார். பஞ்சத்துக்கு வந்தபோது கீழ் றோட்டில் பஸ் ஹோன் கேட்டது. தீ வைத்ததைச் சொல்லும்போது பஸ் வளைவு திரும்பி மறைந்துவிட்டது. அம்மாக்கண்ணு மூச்சை விட்டாள்.

"மக எங்கக்கா?" என்றாள் பக்கத்தில் நின்ற வேலாயி.

"வயித்து வலி, படுத்திருக்கா."

தலைவர் சட்டைப் பையிலிருந்து தீர்மானத்தை எடுத்து விரித்தார். அம்மாக்கண்ணு காதை மூடியிருந்த சேலைத் தலைப்பைத் தள்ளிவிட்டு முன்னால் நகர்ந்தாள்.

"தோழர்களே! பேர் என்பது மனிதனின் மானம். அதில் ஓர் எழுத்தை வெட்டுவதும் உயிரை வெட்டுவதும் ஒன்று. நம் பேரைச் சொல்ல நமக்கென்ன வெட்கம்? ஆகவே, கீழ்க்காணும் எங்கள் மாணவியின் பேரை, அவள் பெற்றோர் வைத்தபடியே, ஓர் எழுத்தும் குறையாமல் பதிய வேண்டும் என்று இத்தனை பேர் சாட்சியாக இந்தக் கூட்டம் கேட்கிறது!"

கைதட்டல் எழுந்தது. பேப்பர்காரர் பேனாவைத் திறந்தார்.

காளியாயி என்று எழுதியிருந்த இடம் வந்ததும் தலைவர் கொஞ்சம் நிறுத்தினார். அந்தப் பேனாவை ஒரு தரம் பார்த்தார். பேப்பரில் வரப்போகிற பேர். தொண்டையைச் செருமிக்கொண்டு, களம் முழுக்கக் கேட்கும்படி கௌரவமாக வாசித்தார்:

"செல்வி கலைவாணி!"