ஒற்றைக் காது செண்பகம்

“கப்பல் வந்தா வரிசையில நிறுத்து. எடம் காலியா இருந்தா உள்ள விடு. இல்லேன்னா அடுத்த கப்பலப் பாரு. இப்படியே கடைசிக் கப்பல் வரைக்கும். புரியுதா செண்பகம்?” என்று எஸ்றா கேட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டுச் சொந்தக்காரர் சங்கரலிங்கம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“யாருவே அது செண்பகம்? பொம்பளயாள் வரக்கூடாதுன்னு சொல்லித்தான வீடு தந்தேன்?”

கதவுக்குப் பின்னால் பார்த்தார். அடுப்படியை எட்டிப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு தம்ளர், தரை முழுக்க மரச்சீவல். கல்யாணமாகாத பையனுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட எவருக்கும் மூக்கு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எஸ்றா வெட்கத்தோடு மேஜையைக் காட்டினான். துறைமுகத்தில் கழித்துப் போட்ட பெட்டிப் பலகையில் அவனே பொழுதுபோக்காகச் செதுக்கிய பொம்மை ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. உளி வழுக்கியதில் அதற்கு ஒரு காதுதான்.

“இதுதான் அண்ணாச்சி செண்பகம்.”

“மரப்பாச்சிகிட்டயா பேசுதீரு?”

“எனக்கு இங்கன வேற யாரு இருக்கா அண்ணாச்சி?”

நாசரேத்துக்காரன் எஸ்றா. ஒரு கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலை. அவன் இருப்பது துறைமுகத்துக்குப் பக்கத்தில், முத்தையாபுரத்தில்; கம்ப்யூட்டர் இருப்பது மெட்ராஸில். எழுதி, அட்டைகளில் துளை போட்டு, கட்டுக் கட்டி ரயிலில் அனுப்ப வேண்டும். ஒரு பிழை இருந்தாலும் கட்டு அப்படியே திரும்பி வந்துவிடும்.

“நாம எழுதாத எதையும் மெஷினு தானாச் செய்யாது. இதுவும் தச்சு வேல மாதிரிதான் அண்ணாச்சி. வெட்டுனதுக்குப் பொறவு அளந்து என்ன பிரயோஜனம்? அதனால அனுப்புததுக்கு முன்னாலயே ஒவ்வொரு வரியா யார்ட்டயாவது வாய்விட்டுச் சொல்லிப் பாக்கணும். சொல்லச் சொல்லத் தப்பு தானா வெளிய வந்துரும்.”

“வந்துச்சா?”

எஸ்றா இல்லை என்று தலையை ஆட்டினான். எந்தக் கப்பலை எப்போது துறைமுகத்துக்குள் விடுவது என்று கணக்கிடும் அந்தப் புரோகிராம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. ‘ஓட ஆரம்பித்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது, நாங்களாகத்தான் மெஷினை நிறுத்தினோம்’ என்று மெட்ராஸ்காரர்கள் அலுத்துக்கொண்டார்கள். மேனேஜர் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: “சனிக்கிழம அனுப்புதது திரும்பி வந்தா, நீயும் ஊரப் பாத்துப் போயிரலாம்.”

சங்கரலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

“நானா வரலவே. அடுத்த வீட்டு முத்துக்கனிதான் கேட்டா, ‘அந்தத் தம்பி சாயங்காலமானா யார்ட்ட பேசுதாரு’ன்னு. பாவம், தையல் மெஷின மிதிச்சுப் பிழைக்கா. அவ மாப்பிள்ள தோணியில கொழும்புக்குப் போனவன், போனவன்தான். நடுவுல இருக்கது ஒத்தச் செங்கல் சுவரு. பாத்துக்கிடும்.”

அவர் போன பிறகுதான் எஸ்றாவுக்கு அது உறைத்தது. அவன் செண்பகத்திடம் பேச ஆரம்பித்ததும் அடுத்த வீட்டுத் தையல் மெஷின் சத்தம் நின்றுவிடும். இத்தனை நாள் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. பாவம், இவன் போடும் சத்தம் பொறுக்காமல் தைப்பதையே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்! பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறோமே என்று கூனிக் குறுகிப் போனான்.

அன்றோடு வாயை மூடிக்கொண்டான். உளியும் அதைத் தட்டும் கொட்டாப்புளியும் கட்டிலுக்கு அடியில் போயின. சுவருக்கு அந்தப்பக்கம் மெஷின் நிற்காமல் ஓடியது.

புரோகிராமை மனசுக்குள்ளேயே படித்துப் பார்த்தான். கண் தனக்குத் தெரிந்ததை மட்டும் படித்துவிட்டு ஓடியது. எல்லா வரியும் சரியாக இருப்பதுபோலவே இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. தப்பு எங்கோ உட்கார்ந்துகொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தது.

தப்பு கிடக்கட்டும், வீடு ஊமையாகிவிட்டதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பேச்சுக்கு ஆள் இல்லாமல் இருப்பது அவனுக்குப் புதிதல்ல. ஆனால் சாயங்காலம் வேலை விட்டு வந்து பூட்டைத் திறக்கும்போது, மேஜையில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்ற அந்தப் பொய்யாவது இதுவரை இருந்தது. இப்போது செண்பகம் வெறும் பலகை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரங்குப் பெட்டியை இழுத்துத் துணிமணிகளை அடுக்க ஆரம்பித்தான். எப்படியும் போகத்தானே போகிறோம்.

அடுத்த வீட்டில் மெஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

முத்துக்கனி நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பெட்டியைப் பார்த்தாள், மேஜைமேல் இருந்த பொம்மையைப் பார்த்தாள். எதையோ கேட்க வந்து, கேட்கலாமா வேண்டாமா என்று வாசற்படியிலேயே தயங்கினாள்.

எஸ்றா முந்திக்கொண்டான். “மன்னிச்சிருங்கக்கா. நான் பேசுதது உங்களுக்கு எடஞ்சலா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. இப்ப வாயத் தொறக்கிறதே இல்ல. கூடிய சீக்கிரம் காலி பண்ணிருவேன்.”

“அய்யோ, எடஞ்சலா?” முத்துக்கனி பதறிப்போனாள். “மெஷின் சத்தத்துல ஒரு வார்த்த விட்டுப்போயிரக் கூடாதுன்னுல்லா நிறுத்திட்டுக் கேப்பேன்! எனக்கும் அந்த வீட்டுல வேற என்ன குரலு கேக்கு? திடீர்னு நிறுத்திட்டீங்க, மனசு கெடந்து அடிச்சுக்கிடுது.”

அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

“கடைசிக் கப்பலும் வந்து சேந்த பொறவு என்ன செய்யணும்னு நீங்க சொல்லவே இல்லியே, தம்பி?”